கண்ணிவெடிகளுக்குள் முதலில் போனவர்

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். எங்கள் அணியின் ஐந்து பெயர்களும், ஒவ்வொருவரும் எத்தனை எதிரிக் கப்பல்களை வீழ்த்தினோம் என்ற எண்ணும் அதில் இருக்கும். என் பெயருக்கு நேரே பதினொன்று, பன்னிரண்டு என்று பெருமையாக நிற்கும். கடைசிப் பெயருக்கு நேரே எப்போதும் சைபர்தான். அந்தச் சைபர் என் அண்ணியுடையது. மலேசியாவில், ஜொகூர் பாருவின் தம்போயில் எங்கள் வரிசை வீட்டின் முன்கூடத்தில், டிவிக்கும் சாமிப் படங்களுக்கும் நடுவில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அவர் அந்தப் பட்டியலைப் பார்ப்பார். "இன்னைக்கும் முட்டைதான்" என்று சொல்லி ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போவார். அறைக்குள் லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருக்கும் நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அண்ணியின் சைபர் அங்கே இருக்கும்வரை என் பன்னிரண்டு பெரிய எண்தான்.

விண்வெளிப் போர் விளையாட்டுகளை ஆடாதவர்களுக்கு அந்தச் சைபர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் ஆடிய விளையாட்டில் அணிக்கு ஐந்து பேர். இரண்டு அணிகளுக்கும் விண்வெளியில் ஒவ்வொரு நிலையம். எதிராளியின் நிலையத்தை முதலில் தகர்ப்பவர்களுக்கு வெற்றி. ஆனால் நிலையத்தைச் சுற்றிக் கண்ணிவெடிகள் மூன்று அடுக்காக மிதந்துகொண்டிருக்கும். கப்பல் இயந்திரத்தின் சூடு பட்டால் அவை விழித்துக்கொண்டு துரத்தும். தூரத்திலிருந்து ஒன்றைச் சுட்டால் பக்கத்திலிருக்கும் நான்கும் விழிக்கும். ஆகவே ஒரு கப்பல் முன்னால் போய், கண்ணிவெடிகளுக்கு நடுவில் வழி கண்டு, அந்த வழியில் பச்சை விளக்குகளைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மற்ற நான்கு பேரும் அந்த விளக்குகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து சண்டை போடுவார்கள். முன்னால் போகும் அந்தக் கப்பலுக்கு ஸ்வீப்பர் என்று பெயர். அதற்குத் துப்பாக்கி கிடையாது. கவசமும் பெயருக்குத்தான். போலிச் சூட்டைக் காட்டி வெடிகளை ஏமாற்ற நான்கு சின்ன உருளைகள் மட்டும் உண்டு. துப்பாக்கி இல்லாத கப்பல் யாரையும் வீழ்த்த முடியாது. அதனால் பட்டியலில் சைபர். அதனாலேயே அந்தக் கப்பலில் ஏற யாரும் முன்வருவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குள் இதற்காகச் சண்டை நடக்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டக் குடும்பம். கல்யாணத்துக்கு முன் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை செய்தவர். நுண்ணோக்கி வழியாகச் சர்க்யூட் பலகைகளைப் பார்த்து, சரியாகப் பற்றாத ஈயப் பொட்டுகளைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. கல்யாணம் ஆனதும் அதை விடச் சொல்லிவிட்டோம். யார் சொன்னது என்று இன்று கேட்டால் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்போது அது யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத விஷயமாக இருந்தது. அண்ணன் விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டுவார், திரும்ப இருட்டிவிடும். நான் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயன ஆலையில் ஷிப்டு. பகல் முழுக்க வீட்டில் அண்ணியும் அம்மாவும் டிவியும்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் ஐந்தாவது ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஸ்வீப்பரில் ஏற மாட்டேன் என்பதுதான் காரணம். ஆட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆள் இல்லாவிட்டால் தோற்றதாகக் கணக்காகிவிடும். நான் கூடத்துக்கு ஓடிவந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணியிடம், "அண்ணி, சும்மா உக்காந்து இந்தப் பட்டனை மட்டும் அழுத்துங்க, போதும்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாவது நிமிடத்தில் வெடித்துச் செத்தார். நாங்கள் அதை எதிர்பார்த்தோம். அடுத்த சுற்றிலும் செத்தார். மூன்றாவது சுற்றில் அவருடைய கப்பல் முதல் அடுக்கின் ஓரத்தில் அசையாமல் நின்றுவிட்டது. நான் அறையிலிருந்து, "போங்க அண்ணி, போங்க" என்று கத்தினேன். ஹெட்செட்டில் அவர் குரல் மெதுவாக வந்தது. "நில்லுங்க தம்பி. பாத்துக்கிட்டு இருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த வாரம் முழுவதும் பகலில் வேலை முடித்துவிட்டு, பயிற்சித் தளத்தில் தனியாக ஸ்வீப்பரை எடுத்துக்கொண்டு போய் வெடிகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். இரவு ஷிப்டு முடித்துவிட்டு மத்தியானம் எழுந்து வந்த என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "தம்பி, அந்த வெடிங்க மேல சின்னதா ஒரு செவப்பு வெளக்கு இருக்குல்ல, அது எல்லாத்துலயும் ஒரே நேரத்துல மின்னல. ஒண்ணு மின்னுது, அப்புறம் அதுக்குப் பக்கத்துல உள்ளது, அப்புறம் அடுத்தது. மின்னி முடிச்ச ஒடனே மூணு நாலு செக்கன் அதுக்குக் கண்ணு தெரியாது. அப்பப் போனா ஒண்ணும் பண்ணாது." நான் நம்பவில்லை. அந்த விளையாட்டை இரண்டு வருடமாக ஆடுகிறவன் நான். அவர் என்னை உட்கார வைத்துக் காட்டினார். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கப்பலை மிதக்க விட்டார். ஒரு விளக்கு மின்னியதும் ஒரு நொடி இயந்திரத்தைப் போட்டு அணைத்தார். அடுத்தது மின்னியதும் மறுபடியும். சுடாமல், ஓர் உருளையைக்கூடச் செலவழிக்காமல் மூன்று அடுக்கையும் தாண்டி நிலையத்தின் வாசலில் போய் நின்றார். "மூச்சு விடற மாதிரிதான் தம்பி. அது இழுக்கறப்ப நாம நிக்கணும், விடறப்ப நாம போணும்." எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "ஃபேக்டரியில பலகைய தேடித்தேடிப் பாத்தா தப்பு தெரியாது. சும்மா பாத்துட்டே இருந்தா எது மத்தது மாதிரி இல்லியோ அது தானா தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் அணி தோற்பது அரிதாகிவிட்டது. மற்ற அணிகளின் ஸ்வீப்பர்கள் வெடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் உள்ளே நுழைந்துவிடுவோம். அணியில் இருந்த மலாய் நண்பர், தம்போயில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர், அண்ணிக்கு 'காக் சாப்பு' என்று பெயர் வைத்தார். துடைப்பக்கார அக்கா என்று பொருள். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். இரண்டு மாதத்தில் அதில் கேலி போய் மரியாதை வந்துவிட்டது. அண்ணி அரைகுறை மலாயில் "துங்கு, துங்கு" என்று சொன்னால், பொறு என்று அர்த்தம், நான்கு கப்பல்களும் அப்படியே நிற்கும். "ஜாலான்" என்றால் போகும். அணியின் தலைவன் நான். நான் "போங்க" என்று கத்தினாலும், நண்பர் சாவகாசமாக, "காக் இன்னும் சொல்லலியே" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று சுருங்கும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியின் தலைவன் எதைப் பற்றிப் புகார் சொல்வது?

அந்த வருடக் கடைசியில் தென் மாநில அணிகளுக்கான போட்டி ஒன்றை அறிவித்தார்கள். முதல் சுற்றுகளை வீட்டிலிருந்தே ஆடலாம். இறுதிச் சுற்று ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் நடுக்கூடத்தில், மேடை போட்டு, பெரிய திரை வைத்து. நாங்கள் இறுதிக்குத் தேர்வானோம். அண்ணி சமையலறையிலிருந்து வந்து, "மேடையில வெள்ளைக் கலர் நாற்காலியாமே, நெட்ல பாத்தேன். சொழலுமாம்" என்றார். பகட்டாக ஒன்றும் உடுத்தாத அவர், அந்த வாரம் ஒரு கடையில் நீலநிறச் சட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "அது போட்டா சரியா இருக்குமா, இல்ல சுடிதாரே போட்டுக்கட்டுமா" என்று என்னிடம் கேட்டார். இறுதிச் சுற்றுக்கான தளம் புதியது. அதில் கண்ணிவெடிகள் இரண்டு வளையங்களாக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். அண்ணி ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி அதில் கோடு போட்டு, எந்த வரிசை எத்தனையாவது நொடியில் மின்னுகிறது என்று எழுதத் தொடங்கினார். மூன்று வாரத்தில் அந்த நோட்டு முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

அம்மாவுக்கு மேடை விஷயம் தெரிந்தது போட்டிக்கு ஒரு வாரம் முன்பு. அம்மா கத்தவில்லை. அண்ணன் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "மால்ல மேடை மேல ஏறி, நாலு ஆம்பளப் பையனுங்களோட உக்காந்து, ஊரே பாக்குமாம். நம்ம கோயில் ஆளுங்க யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணனுக்கு இதில் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவர் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தார். பிரச்சினை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டார்.

"டேய், அவ வந்தே ஆகணுமா? இல்ல வேற ஆள வச்சு சமாளிச்சுக்குவீங்களா?"

ஒரு வார்த்தை போதும். 'வேணும்ணே' என்று சொல்லியிருந்தால் அண்ணன் அம்மாவிடம் பேசியிருப்பார். தம்பி கேட்கிறான் என்றால் அம்மாவும் இறங்கி வந்திருப்பார். அந்த வீட்டில் என் ஆசைக்கு என்றுமே மதிப்பு இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அண்ணி இல்லாமல் சிரமம் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் என் மனக்கண்ணில் வந்தது மேடை. பெரிய திரையில் நான் 'போங்க' என்று சொல்ல, மற்ற மூன்று பேரும் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால்.

"பரவால்லண்ணே. சமாளிச்சுக்கலாம். அவங்கள ஏன் தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்றேன்.

அண்ணியின் நன்மைக்காகப் பேசுவதுபோல் அதைச் சொன்னேன். அண்ணன் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அடுத்த நாள் அண்ணி அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "ரெண்டாவது வளையத்துல மட்டும் அவசரப்படாதீங்க தம்பி. பதினேழு எண்ணுற வரைக்கும் நிக்கணும். நின்னா நேரம் போற மாதிரி இருக்கும். போகாது" என்றார். ஸ்வீப்பருக்கு நான் பிடித்து வந்திருந்த கல்லூரிப் பையனுக்கு இரண்டு மத்தியானங்கள் பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்தார்.

போட்டி நாளன்று மேடைக்குப் பின்னால் மலாய் நண்பர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "காக் எங்கே?" என்பதுதான். உடம்பு சரியில்லை என்றேன். அவர் கைப்பேசியை எடுத்து அண்ணிக்கு ஏதோ செய்தி அனுப்பினார். பதில் வந்ததா, என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. ஆட்டத்தில் எல்லாம் நோட்டில் இருந்தபடியே நடந்தது. கல்லூரிப் பையன் ஸ்வீப்பரை ஓட்ட, நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். இரண்டாவது வளையத்தில் பதினேழு எண்ணும்வரை கப்பல்கள் அசையாமல் நின்றபோது கூட்டம் முணுமுணுத்தது. பதினெட்டில் பாய்ந்தோம். எதிரணியின் ஸ்வீப்பர் முதல் வளையத்திலேயே சிதறியிருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜெயித்தோம்.

அறிவிப்பாளர் மைக்கைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். அந்தக் கண்ணிவெடிகளை ஒரு வெடிகூட வெடிக்காமல் கடந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை, இந்த வழியைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் யோசித்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. யோசிக்கவில்லை. "நான்தான். ரொம்ப நாளா கவனிச்சேன்" என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு சிவப்பு விளக்கைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் அண்ணியின் சொற்களையே ஆங்கிலத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். மலாய் நண்பர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோப்பையோடு படம் எடுத்தபோது ஓரமாக நின்றார். அந்த வாரமே அணியிலிருந்து விலகிவிட்டார். காரணம் கேட்டு நான் அனுப்பிய செய்திக்கு, "நீயே யோசி லா" என்று, எங்கள் ஊர்ப் பேச்சில் எல்லோரும் சேர்க்கும் 'லா'வோடு பதில் வந்தது. இத்தனை வருடங்களில் அவர் பட்டறையைத் தாண்டிப் போகும்போது நான் தலைகுனிந்து வண்டி ஓட்டியிருக்கிறேன்.

நிகழ்ச்சியை நேரலையில் காட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அண்ணன் கைப்பேசியில் வைத்து எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா நெற்றியில் திருநீறு பூசினார். அண்ணன் முதுகில் தட்டினார். அண்ணி கோழிக்குழம்பு வைத்திருந்தார். தட்டில் சோறு போட்டுவிட்டு, "மேடையில நல்லாப் பேசுனீங்க தம்பி" என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நன்றி அண்ணி" என்று சொன்னேன். நினைத்துப் பார்த்தால் என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன மிகக் கேவலமான நன்றி அதுதான். அடுத்த ஞாயிறு மத்தியானம் கூடத்துக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. தலை வலிக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனார். பிறகு நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

அந்த வழியை நான் ஒரு கட்டுரையாக எழுதி, விளையாட்டுக்காரர்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் போட்டேன். நோட்டில் இருந்த படங்களை அழகாக மறுபடியும் வரைந்து சேர்த்தேன். பல நாடுகளில் அதைப் படித்தார்கள். என் விளையாட்டுப் பெயரையே அந்த முறைக்கு வைத்தார்கள். அதைக் காட்டித்தான் சிங்கப்பூரில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பாசிர் கூடாங் ஆலையின் நெடியிலிருந்து தப்பினேன். இன்று நான் விண்வெளிப் போர்த் தளங்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். கண்ணிவெடிகளை எங்கே வைத்தால் ஆடுகிறவர் எங்கே ஏமாறுவார் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். புதிதாகச் சேர்பவர்கள் என்னிடம் வந்து, அந்தக் கட்டுரையைப் பள்ளியில் படிக்கும்போது வாசித்ததாகச் சொல்வார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்த அடக்கத்தையும் பாராட்டுவார்கள்.

அண்ணிக்கு மகள் பிறந்தாள். பிறகு தொற்றுக் காலத்தில் பாலத்தை மூடியபோது அண்ணனின் சிங்கப்பூர் வேலை போனது. அவர் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில், அண்ணி யாரிடமும் கேட்காமல் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மனுப் போட்டு வேலையில் சேர்ந்தார். இந்த முறை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலை ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கப் போகும் மருமகளுக்கு அம்மாவே மைலோ கலக்கிக் கொடுத்தார். குடும்பத்துக்குத் தேவை என்று வந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. மூன்று வருடத்தில் அண்ணி தரச் சோதனைப் பிரிவில் லைன் லீடர் ஆகிவிட்டார்.

போன வருடம் தீபாவளிக்கு மறுநாள். எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அண்ணியின் மகள், ஒன்பது வயது, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். யாரோ ஒருவர் அந்தப் பழைய விளையாட்டின் கதையைச் சொல்லும் காணொளியில் என் படம் வந்திருந்தது. "அம்மா, சித்தப்பா ஃபேமஸ் தெரியுமா? மைன் கிளியர் பண்ற வழி இவருதான் கண்டுபிடிச்சாராம்" என்றாள். அண்ணி முறுக்குத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, டேப்லெட்டைக் கையில் வாங்கி, அந்தப் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "அப்படியா" என்றார். டேப்லெட்டை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பத்து வருடம் கழித்துக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. மைக் இல்லை, கூட்டம் இல்லை, என் சொந்த அண்ணன் மகள் மட்டும். அப்போதும் நான் முறுக்கைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை, அண்ணி வாசலில் பாதுகாப்புக் காலணிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அண்ணி, அன்னைக்கு மால்ல நான் மைக்ல சொன்னது..."

"எது தம்பி?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொன்னேன்ல. அது தப்பு. உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

அவர் தூரிகையை நிறுத்தவில்லை. "மைக்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனா யாருக்கும் வாய் தவறும். அத நான் அப்பவே விட்டுட்டேன்" என்றார். ஒரு காலணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "அதுக்கு முந்தின வாரம் அண்ணன் உங்கள கூப்ட்டுக் கேட்டாரு. நான் அடுப்படியிலதான் நின்னுட்டு இருந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. அப்ப உங்க முன்னால மைக் எதுவும் இல்ல."

நான் எதையெதையோ சொல்லத் தொடங்கினேன். அப்போது வயது இருபத்துநாலு என்றேன். அம்மாவுக்குப் பயந்தேன் என்றேன். அம்மாவுக்கு நான் பயப்படவில்லை என்பது இருவருக்குமே தெரியும். அவர் கேட்டுக்கொண்டே காலணியைக் கழுவி முடித்தார். "சரி தம்பி. உள்ள தோசை இருக்கு, சாப்பிடுங்க" என்றார்.

அந்த வாரமே அந்த இணையத்தளத்தில் உண்மையை எழுதினேன். இந்த வழியைக் கண்டுபிடித்தவர் என் அண்ணி, நான் திருடினேன் என்று. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தளத்தில் ஆள் நடமாட்டமே குறைந்துபோயிருந்தது. ஒருவர் நல்ல கதை என்று எழுதினார். இன்னொருவர், இவ்வளவு தன்னடக்கம் வேண்டாம் தலைவா என்று எழுதினார். வேலையிடத்தில் மதிய உணவின்போது சொன்னேன். குடும்பத்தை இப்படி மதிக்கிறாரே என்று மேலதிகாரி நெகிழ்ந்தார். அண்ணனிடம் சொன்னபோது அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேம்தானடா, அதுக்குப் போயி" என்றார். திருடிய பொருளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. உரியவரோ கதவைச் சாத்திக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணியும் அண்ணனும் பாசிர் கூடாங் பக்கம் சொந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். பால் காய்ச்சி, மத்தியானம் சாப்பாடு. அண்ணியின் தொழிற்சாலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் அவரை "லீடர், லீடர்" என்று கூப்பிட்டுக் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சத்தமாக அண்ணி சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் தண்ணீர் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைக் கூப்பிட்டு அவர்களுக்கு அறிமுகம் செய்தார். "இவரு எங்க வீட்டுக்காரரோட தம்பி. சிங்கப்பூர்ல கேம் கம்பெனியில இருக்காரு. விண்வெளிக் கப்பல், வெடி, அந்த மாதிரி கேம்லாம். ரொம்பக் கெட்டிக்காரரு."

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று நான் கூர்ந்து கேட்டேன். இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். இல்லை. விருந்தாளியிடம் உறவினரை அறிமுகம் செய்கிற சாதாரணக் குரல்தான்.

அந்தப் பெண்களில் இளையவள் ஒருத்தி, தலையில் ஊதா நிற முக்காடு போட்டவள், ஆர்வமாகக் கேட்டாள். "அப்ப வீட்டுல எல்லாரும் கேம் விளையாடுவீங்களா? லீடரும் விளையாடுவாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அண்ணி, கையிலிருந்த பாயசக் கிண்ணத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டே பதில் சொல்லிவிட்டார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது லா."